பில்லி மெரிடித்: பந்தாடிய தொழிலாளி

கால்பந்தாட்டக்காரர் என்றதும் இன்று நம் கண்முன் நிற்பவர் கோடிகளில் புரளும் செல்வர். நூறாண்டுகளுக்கு முன்போ அவர் வாரக் கூலிக்காரர். அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த பில்லி மெரிடித்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் இதை நான் நன்கு உணர்ந்தேன். அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இச்சிறு கட்டுரை.

மெரிடித் 1874-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் சர்க் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். நிலக்கரிதான் அவ்வூருக்குச் சோறு போட்டது. 12 வயதில் அவரும் சுரங்கத்தில் இறங்கி, கரிவண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டினார். 1894-இல் மான்செஸ்டர் சிட்டி கழகத்தில் சேர்ந்த பின்னும் உடனே சுரங்கத்தை விடவில்லை. வார நாட்களில் நிலத்தடியில் உழைப்பார். ஆட்ட நாளன்று ரயிலேறிப் போய்ப் பந்தாடுவார். ஏறத்தாழ ஓராண்டு இப்படியே கழிந்தது.

மைதானத்தின் வலது ஓரமே அவருடைய ராஜ்யம். பல்குச்சி ஒன்றை மென்றுகொண்டே பந்தை ஓட்டிச் செல்வார். 1904-இல் சிட்டி முதன்முதலாக எப்.ஏ. கோப்பையை வென்றபோது, இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் அவரே.

ஆயினும் அவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய கூலி வாரத்திற்கு 4 பவுன்தான். 1901 முதல் இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரருக்கும் அதற்கு மேல் தரக்கூடாதென்று விதி இருந்தது. சாதாரணத் தொழிலாளியின் கூலியைவிட அது மிகுதிதான். ஆனால் கால் ஒடிந்தால் பிழைப்பும் போயிற்று. கழகம் விடுவித்தாலன்றி வேறு கழகத்திற்குப் போகவும் முடியாது. வாயிலில் ஆயிரமாயிரமாய்க் கட்டணம் வசூலாயிற்று. கூலி மட்டும் அசையவில்லை. எனவே பல கழகங்கள் மறைவாகக் கூடுதல் பணம் கொடுத்து வந்தன.

1905-இல் மெரிடித்தின் வாழ்வில் கறை படிந்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுக்குமாறு ஆஸ்டன் வில்லா அணித் தலைவருக்கு 10 பவுன் தர முன்வந்தார் என்று குற்றம் சாட்டி, அவரை ஆடவிடாமல் தடுத்தனர். முதலில் மறுத்தவர், கழகம் கைவிட்டதும் அதன் இரகசியக் கணக்குகளையெல்லாம் வெளியே கொட்டினார். 1906-இல் சிட்டியின் ஆட்டக்காரர் 17 பேர் தண்டிக்கப்பட்டனர்.

இதை விடுதி நண்பர் ஒருவரிடம் சொன்னேன். லஞ்ச வழக்கில் சிக்கியவரையா எழுதப் போகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அச்செயலுக்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. ஆனால் அதன்பின் அவர் செய்ததையும் பார்க்க வேண்டும்.

அவர் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். 1907 ஏப்ரலில் அக்கழகத்தின் டாமி பிளாக்ஸ்டாக் என்னும் இளைஞர் ஆட்டத்தின் நடுவே பந்தைத் தலையால் முட்டியபின் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் குடும்பத்திற்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது. அக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் மெரிடித். 1909-இல் சங்கத்தை விட்டு விலகுமாறு மேலிடம் உத்தரவிட்டது. பலர் விலகினர், யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. தடை விதித்தும் பணியாமல் தாங்களாகவே பயிற்சி செய்தனர். ஆட்டப் பருவம் தொடங்கும் தறுவாயில் மேலிடமே இறங்கிவந்து சங்கத்தை ஏற்றது. கூலி வரம்பு மட்டும் நீங்கவில்லை.

மெரிடித் வேல்ஸ் நாட்டிற்காக 48 முறை ஆடினார். 1924-இல், 49 வயதில், கோப்பையின் அரையிறுதியில் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். 1958 ஏப்ரல் 19 அன்று, 83 வயதில் மறைந்தார். கூலி வரம்பு ஒழிந்ததோ 1961-இல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 2001-இல் அது நாட்டப்பட்டபோது, அவர் தொடங்கிய சங்கமும் அதில் பங்கு கொண்டது.

குற்றமற்றவர்களே உரிமைக்குப் போராட வேண்டுமென்றால், உலகில் எந்த உரிமையும் கிடைத்திராது. நண்பருக்கு நான் சொல்லும் விடை இதுவே.