கடல் கடந்து நட்பு நாடிய மன்னர்

ஒக்கலிபுரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் லால்பாகில் உலவி மகிழ்கின்றோம். 1760இல் அத்தோட்டத்தைத் தொடங்கியவர் ஐதர் அலி; வளர்த்தவர் அவர்தம் மைந்தர் திப்பு சுல்தான். அம்மன்னர் பிரெஞ்சு அரசவையின் நட்பை நாடிய வரலாற்றை இம்மலரில் நினைவு கூர்வோம்.

திப்பு பிறந்தது இந்நகருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில். பெயர் வாய்த்ததோ தமிழகத்திலிருந்து. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். அதே ஆற்காட்டுச் சீமை 1780இல் தந்தையும் மைந்தரும் நடத்திய படையெடுப்பால் பெருந்துயருற்றது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

1782 இறுதியில் ஐதர் மறையவே, திப்பு அரசேற்றார். மறு ஆண்டு மங்களூர்க் கோட்டையை அவர் முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படையினரும் உடன் நின்றனர். அவ்வேளையில், ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் அமைதி செய்துகொண்ட செய்தி வந்தது. பிரெஞ்சுப் படை உடனே விலகிக்கொண்டது. களத்தில் துணைவர் கைவிட்டதைத் திப்பு மறந்தாரல்லர். படைத்தலைவர்களோடு பேசிப் பயனில்லை. மன்னரோடு மன்னராகவே பேசுதல் வேண்டும் எனத் துணிந்தார்.

முகம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் என்னும் தூதர் மூவர் 1787 ஜூலையில் புதுச்சேரியில் கப்பலேறினர். ஏறத்தாழ 11 திங்கள் கழித்தே பிரான்சின் தூலோன் துறைமுகத்தை அடைந்தனர். 1788 ஆகஸ்டு 10ஆம் நாள் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் அவர்களைச் சிறப்புடன் வரவேற்றார். ஆங்கிலேயரை எதிர்க்கப் படைத்துணை வேண்டினர் தூதர். அதனோடு கைவினைஞர்களையும் தோட்டக்காரர்களையும் செடி விதைகளையும் கேட்டனர்.

விருந்துக்கும் பரிசுக்கும் குறைவில்லை, கைவினைஞர்களும் வந்தனர். படைதான் வரவில்லை. லூயியின் கருவூலம் வறண்டிருந்தது; ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையும் தடுத்தது. 1789இல் தூதர் நாடு திரும்பினர். அவ்வாண்டே பிரான்சில் புரட்சி வெடித்தது. 1793இல் லூயி தலையையே இழந்தார்.

இதற்கிடையே இங்கே மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. அதில் அண்டை அரசினரான மராட்டியரும் நிஜாமும் ஆங்கிலேயரோடு சேர்ந்தனர். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. 1792இல் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார்; புதல்வர் இருவரைப் பிணையாகச் சென்னைக்கு அனுப்பினார். எகிப்திலிருந்து நெப்போலியன் எழுதிய மடலும் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாளேந்திய நிலையிலேயே திப்பு மாண்டார்.

அவர்தம் வீரத்தை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த நண்பர் உரிய வேளையில் உதவவில்லை. அருகிலிருந்தோரோ எதிரணியில் நின்றனர். பிறந்த ஊரைப் பிரிந்து கன்னட மண்ணில் குடியேறிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தொலைவிலுள்ள உறவை மறவாதிருப்போம். அடுத்த வீட்டாரின் அன்பை அதனினும் முன்னதாகத் தேடிக்கொள்வோம். லால்பாகின் நிழலில் நம் பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் கூடி விளையாடும் காட்சியே அந்நட்பின் தொடக்கமாகுக!