பழைய பைக்கை வாங்கினார்... பிரித்து மேய்ந்தார்! ஜி.டி.நாயுடுவின் 'எஞ்சின்' வாழ்க்கை

தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என டெல்டாவில் எந்த ஊர் மெக்கானிக் கடைக்குப் போனாலும் ஓரமாக ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 நிற்கும். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. இன்னைக்கும் அதைத் தேடிப்பிடித்து வாங்க ஆள் இருக்கு. அறுவடைக் காசு கைக்கு வந்ததும் வாங்குவாங்க. மறுநாளே மெக்கானிக்கிடம் கேள்வி ஆரம்பம்: போர் பெருசு பண்ணலாமா, கார்பரேட்டர் மாத்தலாமா, சைலன்சர் வேற போடலாமா?

ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தமிழ்நாட்டில் ஒருவர் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினார். அவர் கேட்ட கேள்வி வேற. இது எப்படி ஓடுது?

அவர்தான் ஜி.டி.நாயுடு. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீள மேம்பாலம் திறக்கப்பட்டு, அவர் பெயர் வைக்கப்பட்டது. பெயரைப் பற்றி டிவியில், சோஷியல் மீடியாவில் பெரிய விவாதமே ஓடியது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் என்ன செய்தார் என்ற பேச்சு குறைவாகத்தான் இருந்தது.

யார் இவர்?

கோவை சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தவர். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாமலேயே படிப்பு முடிந்தது.

இருபது வயதை ஒட்டி, ஊர்ப்பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானாக ஓடுது! அதே மாதிரி ஒன்று வேண்டும் என்பது வெறியாகிவிட்டது. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். சில வருஷம் காசு சேர்த்து, சில நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். அன்றைக்கு அது ஒரு சர்வருக்குச் சின்னத் தொகை இல்லை.

வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியை முழுசாகப் பிரித்துப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார்.

பிரிச்சதில் என்ன தெரியும்?

அது ரட்ஜ் கம்பெனி வண்டி, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரானது. அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிகளில் ஒற்றை சிலிண்டர், சுமார் 500 சிசி எஞ்சின். பின் சக்கரத்தை இழுப்பது செயின் இல்லை, பெல்ட். தொழில் கற்க இதைவிட நல்ல எஞ்சின் கிடைக்காது என்றே சொல்லலாம். ஒரு பிஸ்டன், இரண்டு வால்வு, தீப்பொறிக்கு ஒரு மேக்னெட்டோ. எல்லாம் ஒவ்வொன்றுதான் என்பதால், எது தேய்ந்தால் என்ன கெடும் என்று நேராகப் பிடிபடும்.

இன்றைக்குப் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் விஷயம் இங்கேதான் இருக்கு. ரிங் தேய்ந்திருந்தாலோ, வால்வு சரியாக உட்காராமல் இருந்தாலோ கம்ப்ரஷன் கசியும். அந்த எஞ்சினில் பெரிய கார்பரேட்டரை மாட்டினால் பெட்ரோல்தான் கூடக் குடிக்கும், இழுவை வராது. கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்க. காலுக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் எஞ்சின் களைத்துப்போச்சு என்று அர்த்தம். புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, எஞ்சினை இறக்கித்தான் பார்க்கணும். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக், அதில் ஆயில் எரிவது இயல்பு. அதனால் புகையை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. முதலில் பழைய பலத்தை மீட்டால்தான் கூடுதல் பலத்தைப் பற்றிப் பேச முடியும். இன்னொன்று, ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. செலவு செய்வதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நாயுடுவுக்கு அப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் இல்லை, யூடியூப்பும் இல்லை. கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் சேர்த்த காசு முழுக்க இரும்புத் துண்டு!

ஒரு பஸ், பிறகு 280

அடுத்ததும் வெற்றிதான் என்று நினைக்காதீங்க. பருத்தி வியாபாரத்தில் இறங்கி மும்பை வரை போய் கையைச் சுட்டுக்கொண்டார். தெரிந்த தொழிலான எஞ்சின் பக்கமே திரும்பினார். கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவ, 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி – பழனி ரூட். டிரைவரும் அவரே.

பஸ் தொழிலில் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு. உதிரி பாகம் கப்பலில் வரணும். தானே பிரிக்கத் தெரிந்த முதலாளிக்கும், தெரியாத முதலாளிக்கும் அங்கேதான் வித்தியாசம். யுனைடெட் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யுஎம்எஸ், 1930-களின் தொடக்கத்தில் சுமார் 280 பஸ்களோடு நாட்டின் பெரிய பஸ் கம்பெனிகளில் ஒன்றாக நின்றது.

பிறகு கைவைக்காத துறை இல்லை. ஷேவிங் ரேசர், ரேடியோ, கேமரா, விவசாய ஆராய்ச்சி... 1936-ல் தேர்தலில்கூட நின்று தோற்றார். 1945-ல் கோவையில் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்கு முக்கியக் காரணம் அவர்தான். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் எதற்கு, குறைந்த காலத்தில் கைவேலையோடு சொல்லிக்கொடுக்கலாமே என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.

2,000 ரூபாய் கார் என்னாச்சு?

அவர் கதையில் உறுத்துகிற இடம் இது. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்க்கு விற்கலாம் என்பது திட்டம். ஆனால் தயாரிக்க அரசு அனுமதி தரவில்லை. 1951-ல் வந்த தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் பெரிய தொழிற்சாலை எதுவும் தொடங்க முடியாத காலம் அது. விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்தான் கார் தயாரித்தன.

அந்தக் கார் சாலைக்கு வந்திருந்தால் தாக்குப்பிடித்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரு மாதிரி வண்டி செய்வதும், ஆயிரக்கணக்கில் செய்து சர்வீஸ் கொடுப்பதும் ஒன்றில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் கார் என்று சொல்லும்படி மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். நாயுடு அதைப் பார்க்கவில்லை. 1974 ஜனவரி 4-ல் காலமாகிவிட்டார்.

டெல்டாவுக்கு வந்து சேர்ந்தது

கார் வரவில்லை. மோட்டார் வந்தது. 1937-ல் நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வதுண்டு. பின்னால் கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊரானதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷங்களில் தஞ்சை, திருவாரூர் பக்கம் குறுவை நிற்பது போர்வெல் தண்ணீரில்தான். மோட்டார் கொட்டகைக்குள் போய் பெயர்த் தகட்டைத் துடைத்துப் பாருங்க, பெரும்பாலும் கோயம்புத்தூர் என்றுதான் இருக்கும். காயில் எரிந்துபோனால் அதை வண்டியில் ஏற்றி காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோவாங்க. கடைக்காரர் முதல் வேலையாக மூடியைக் கழற்றி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைப்பார்.