டெம்ப்ளர் சபையின் கடைசித் தலைவர் ஜாக் டி மோலே

சின்னம் என்பது அதனை அணிந்தோர் உலகிற்கு அளிக்கும் உறுதிமொழியாகும். அவ்வுறுதிமொழியைத் தாமே இழிவுசெய்ததாகப் பழிசுமத்தப்பட்டு, இறுதியில் உயிரை ஈடாகத் தந்து அப்பழியை மறுத்தவர் ஜாக் டி மோலே. இடைக்காலக் கிறித்தவத் துறவு வீரர் சபைகளுள் ஒன்றாகிய டெம்ப்ளர் சபையின் கடைசிப் பெருந்தலைவர் இவரே.

சிலுவைப் போரினர் 1099இல் ஜெரூசலத்தைக் கைப்பற்றினர். பயணிகளைக் காக்கும் பொருட்டு அங்கே தோன்றிய இச்சபைக்கு அல் அக்சா பள்ளிவாசல் உறைவிடமாக அளிக்கப்பட்டது. அதனைச் சாலமோனின் ஆலயம் எனச் சிலுவைப் போரினர் கருதியதால், ஆலயத்தார் எனப் பொருள்படும் டெம்ப்ளர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. வெண்ணிற அங்கியில் செஞ்சிலுவை இவர்தம் அடையாளம். ஹாஸ்பிட்டலர் சபையார் கருநிற அங்கியில் வெண்சிலுவையும், டியூட்டானிக் சபையார் வெண்ணிற அங்கியில் கருஞ்சிலுவையும் அணிந்தனர். டெம்ப்ளர் முத்திரையில் ஒரே குதிரைமீது வீரர் இருவர் அமர்ந்திருப்பர். அஃது எளிமைக்கும் உடன்பிறப்புணர்வுக்கும் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் சபை விதிப்படி வீரர் ஒவ்வொருவருக்கும் மூன்று குதிரைகள் உண்டு. காலப்போக்கில் சபையின் செல்வமும் பெருகியது. அச்செல்வமே பின்னர்ப் பகையாயிற்று.

பிரான்சின் கிழக்குப் பகுதியில் பிறந்த மோலே, 1265இல் போன் நகரில் சபையிற் சேர்ந்தார். சுல்தான் சலாஹுத்தீன் 1187இல் ஜெரூசலத்தை மீட்டுவிட்டார். 1291இல் அக்கா நகரும் சிலுவைப் போரினர் கையைவிட்டுப் போயிற்று. சபை சைப்ரஸ் தீவில் ஒதுங்கியிருந்த 1292ஆம் ஆண்டிலேயே மோலே தலைமை ஏற்றார். டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் ஆகிய இரு சபைகளையும் ஒன்றாக இணைக்கும் திட்டத்தை அவர் ஏற்கவில்லை.

போப்பாண்டவர் ஐந்தாம் கிளமெண்டின் அழைப்பின்பேரில் மோலே பிரான்சுக்கு வந்தார். 1307 அக்டோபர் 12ஆம் நாள், மன்னர் நான்காம் பிலிப்பின் தம்பி மனைவியின் இறுதிச் சடங்கில் மதிப்பிற்குரியவராய்ப் பங்கேற்றார். மறுநாள் விடியலில் அம்மன்னரின் ஆணையாலேயே கைது செய்யப்பட்டார். சபையிற் சேரும்போது சிலுவையின்மீது உமிழச் செய்தனர் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. சிலுவையை மார்பில் தாங்கியோர்மீதே இப்பழி! சபையினர் பலர் வதைக்கப்பட்டனர். மோலேயும் அம்மாதமே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் வாழ்வின் பெருந்தளர்ச்சி இதுவே. தலைவரின் வாக்குமூலம் சபையின் தற்காப்பைக் குலைத்தது. 1310இல் பாரிஸ் அருகே 54 பேர் எரிக்கப்பட்டனர். 1312இல் சபையே கலைக்கப்பட்டது.

1314 மார்ச்சில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் முன் மோலேக்கு ஆயுட்சிறை அறிவிக்கப்பட்டது. வாய்மூடி இருந்திருப்பின் உயிர் பிழைத்திருப்பார். முதுமையெய்திய அவரோ, நார்மண்டிப் பகுதித் தலைவர் சார்னேயுடன் எழுந்து நின்று, சபை குற்றமற்றது எனக் கூறி முன்னைய வாக்குமூலத்தை மறுத்தார். அன்று மாலையே சேன் ஆற்றுத் தீவொன்றில் இருவரும் எரிக்கப்பட்டனர்.

1308இல் சீனோன் கோட்டையில் மூன்று கர்தினால்கள் மோலேயை விசாரித்துத் திருச்சபை விலக்கத்தினின்று விடுவித்திருந்தனர். அதனைக் கூறும் ஆவணம் வத்திக்கான் காப்பகத்தில் 2001இல்தான் கண்டறியப்பட்டது. அங்கியைக் களையலாம், முத்திரையை உடைக்கலாம், ஆவணத்தையும் நூற்றாண்டுக்கணக்கில் மறைய விடலாம். அச்சத்தால் ஒருமுறை தளர்ந்தவரும் மெய்ம்மைக்கு மீளலாம் என்பதற்கு மோலேயின் இறுதிநாள் சான்றாய் நிற்கிறது.