யார் இந்த வனத்து அந்தோணியார்? தனிமையைத் தேடிப் போனவரும் விடாமல் துரத்திய கூட்டமும்

அந்தோணியார்னு சொன்னதும் கையில் குழந்தை இயேசுவோடு நிற்கும் பதுவை அந்தோணியார்தான் பலருக்கு ஞாபகம் வரும். இவர் வேறு. அவருக்குச் சுமார் 900 வருஷம் முன்னாடி பிறந்த எகிப்துக்காரர். ஜனவரி 17 இவருடைய திருநாள்.

கி.பி. 251 வாக்கில் வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 20 வயசை நெருங்கும்போது அப்பா, அம்மா இருவரும் இறந்துபோனார்கள். சுமார் 200 ஏக்கர் நிலமும் ஒரு சின்னத் தங்கையும் அவர் பொறுப்பில் வந்தன. சில மாதங்களில், கோயிலில் வாசித்த நற்செய்திப் பகுதி ஒன்று அவரை உலுக்கியது: சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி பணக்கார இளைஞனிடம் இயேசு சொல்வது. நிலத்தை ஊராருக்கே கொடுத்துவிட்டார். தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்தார். பிறகு அதுவும் ஏழைகளுக்குப் போனது.

சரி, தங்கச்சி? துறவு வாழ்க்கை வாழ்ந்த பெண்களிடம் அவளை ஒப்படைத்தார். அவளுக்கு அதில் விருப்பமா என்பது பற்றி, அவர் வாழ்க்கையை எழுதிய ஆயர் அத்தனாசியார் எதுவும் சொல்லவில்லை.

முதலில் ஊர் ஓரம், அடுத்து கல்லறைக் குகை, பிறகு நைல் நதிக்கு அந்தப் பக்கம் பாழடைந்த ஒரு கோட்டை. கதவை அடைத்துக்கொண்டு அங்கே சுமார் 20 வருஷம் தனியாக இருந்தார். அப்பப்போ ரொட்டி மட்டும் உள்ளே போகும். கடைசியில் ஆட்கள் கதவையே பெயர்த்துவிட்டார்கள். எலும்பும் தோலுமாக வருவார் என்று நினைத்தால், உள்ளே போனபோது இருந்த மாதிரியே வந்து நின்றாராம்.

அதன் பிறகு ஏது தனிமை? அவரைப் பார்த்து பாலைவனத்தில் துறவிகள் பெருகினார்கள். 311 வாக்கில் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டபோது அவரே அலெக்சாந்திரியாவுக்குப் போய், சிறையில் இருந்தவர்களுக்கு வெளிப்படையாக உதவினார். உயிர் போகும் வேலைதான். தப்பித்தார்.

திரும்பியதும் செங்கடல் பக்கமுள்ள மலைக்கு நகர்ந்தார். அங்கேயும் ஆட்கள் தேடி வந்தார்கள். வருகிறவர்கள் தனக்கு ரொட்டி சுமப்பது பிடிக்காமல் கோதுமையும், அவர்களுக்காகக் காய்கறியும் பயிரிட்டார். பேரரசர் கான்ஸ்டன்டைனிடமிருந்து கடிதம் வந்தபோது, பதில் எழுதவே தயங்கினார்.

ஒருமுறை மலையிலிருந்து இறங்கியபோது தங்கையைச் சந்தித்தார். அவள் வயதாகி, மற்ற துறவுப் பெண்களை வழிநடத்திக்கொண்டிருந்தாள்.

356-இல், 105 வயதில் இறந்தார் என்கிறது அத்தனாசியாரின் வரலாறு. உடலைப் பதப்படுத்தி வீட்டில் வைத்துக்கொள்வது அன்றைய எகிப்தில் வழக்கம். அதனால் தன்னை ரகசியமாகப் புதைக்கும்படி கூட இருந்த 2 சீடர்களிடம் கேட்டுக்கொண்டார். அவர்களும் புதைத்தார்கள்; இடத்தை யாருக்கும் சொல்லவில்லை.