வீட்டார் அறியாத நூலாசிரியை

திருவள்ளுவனார் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், கற்றோர் அவைக்கு அஞ்சாதவரும் அஞ்சுகின்ற அவை ஒன்றுண்டு. அது அவரவர் வீட்டு விறாந்தை. ஊரார் பழித்தால் அவர்களை விட்டு விலகலாம். தந்தையாரும் தமக்கையாரும் நகைத்தாலோ, அடுத்த வேளை உணவுக்கு அவர்கள் முன்னேயே அமரவேண்டும். பாட்டெழுதிப் பாடப்புத்தகத்துள் ஒளித்து வைத்தோர் நம்முள் ஒருவர் இருவரல்லர். அன்னோர் பொருட்டு, 'ஜேன் அயர்' என்னும் நாவலை இயற்றிய சாலொற் புரொன்ரி அம்மையாரின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சாலொற், 1816ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் நாள் இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியிலே பிறந்தார். தந்தையார் பற்றிக் புரொன்ரி, அங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர். குடும்பம் 1820 இல் ஹாவோத் என்னும் மேட்டுநிலச் சிற்றூரிற் குடியேறியது. மறு ஆண்டே தாயார் மறைந்தார். 1825 இல் மூத்த பெண்கள் இருவரும் விடுதிப் பள்ளியிலிருந்து நோயுடன் திரும்பி இறந்தனர். எஞ்சியோர் சாலொற், தம்பி பிரான்வெல், தங்கையர் எமிலி, ஆன் ஆகிய நால்வரே.

1826 இல் தந்தையார் மகனுக்கு வாங்கிவந்த மரப் போர்வீரர் பொம்மைகள் இந்நால்வரின் இலக்கிய வாழ்வுக்கு வித்தாயின. பொம்மைகளுக்குப் பெயரும் நாடும் படைத்து, அவற்றின் கதைகளைத் தீப்பெட்டியளவான சிறு நூல்களில் அச்செழுத்துப் போன்ற நுண்ணெழுத்தில் எழுதிக் கட்டினர். பெரியோர் கண்ணுக்கு அவ்வெழுத்து எளிதிற் புலப்படாது. நால்வருக்கும் இடையே ஒளிவுமறைவு இல்லாதிருந்த காலம் அது. வளர வளர மறைவும் வளர்ந்தது.

தந்தையாரும் 1811 இற் கவிதைநூல் வெளியிட்டவரே. எனினும், தம் பாக்களுக்கு மதிப்புரை வேண்டிய சாலொற், 1836 டிசெம்பரில் முன்பின் அறியாத அரசவைக் கவிஞர் றொபேட் சௌதிக்கே எழுதினார். இலக்கியம் பெண்ணொருத்தியின் வாழ்க்கைத் தொழிலாதல் தகாது என்னும் கருத்துடைய மறுமொழி மறு ஆண்டு மார்ச்சில் வந்தது. நமக்கு இதில் வியப்பில்லை. அயலார் சொல்லும் கடுஞ்சொல் கடிதத்தோடு பெட்டிக்குட் போய்விடும். வீட்டார் சொல்வது அவ்வாறு போகாது.

1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எமிலியின் கையெழுத்திலமைந்த கவிதைகள் தற்செயலாகச் சாலொற்றின் கையில் அகப்பட்டன. அவர் அவற்றைப் படித்தார். உரியவர் அனுமதியின்றிப் படித்தது பிழையென்றே நாம் கருதுகின்றோம். எமிலியும் அவ்வாறே கருதிக் கடுஞ்சினங் கொண்டார். அவரை ஆற்றுவதற்குப் பல மணிநேரமும், அக்கவிதைகள் அச்சேறத்தக்கவை என்று இணங்கச் செய்வதற்குப் பல நாட்களும் சென்றன. இவற்றினிடையே இளையவராகிய ஆன், தாம் மறைத்து வைத்திருந்த பாக்களைத் தாமாகவே கொணர்ந்து தமக்கையிடம் நீட்டினார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மூவரும் ஒருவரையொருவர் அஞ்சியிருந்தமை அப்பொழுதே வெளிப்பட்டது.

பெரிய தாயார் விட்டுச்சென்ற பணத்தில் 31 பவுண் 10 சிலிங் கொடுத்து, கறர், எலிஸ், அக்ரன் பெல் என்னும் புனைபெயர்களில் 1846 இல் கவிதைத் தொகுதியை வெளியிட்டனர். ஓராண்டில் விற்பனையான பிரதிகள் 2. தந்தையாருக்கோ பிரான்வெலுக்கோ இச்செய்தி சொல்லப்படவில்லை. கறர் பெல் எங்கே வசிக்கிறார் என்று தபாற்காரர் ஒருமுறை வினவியபொழுது, அப்பெயருடையார் இப்பங்கில் எவருமிலர் என்று குருவானவர் விடையிறுத்தாராம்!

அவ்வாண்டு ஓகஸ்ற்றில் தந்தையாருக்கு மஞ்செஸ்ரர் நகரிற் கண்புரைச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. மயக்க மருந்து வழங்காத காலம். இருட்டறையிற் கிடந்த தந்தையாருக்குத் துணையிருந்த நாட்களிலேயே சாலொற் 'ஜேன் அயர்' எழுதத் தொடங்கினார். 1847 ஒக்ரோபரில் அது வெளியாகிப் பெரும்புகழ் ஈட்டியது.

இனிச் சொல்லியே ஆகவேண்டுமென்று தங்கையர் வற்புறுத்தினர். ஒருநாள் மாலை சாலொற், நூற்பிரதி ஒன்றையும் சில மதிப்புரைகளையும் எடுத்துக்கொண்டு தந்தையாரின் அறைக்குட் சென்றார். பழித்துரைத்த மதிப்புரை ஒன்றையும் அவர் விடாது சேர்த்துக்கொண்டமை நம் மனத்தைத் தொடுகின்றது. தாம் ஒரு நூல் எழுதியுள்ளதாகத் தெரிவித்தார். கையெழுத்துப் படியைப் படிப்பது கண்ணுக்கு வருத்தமாகுமே என்றார் தந்தையார். அச்சாகிவிட்டது என்றதும், வீண் செலவாயிற்றே, பெயரறியாதவரின் நூலை யார் வாங்குவார் என்று கவலையுற்றார். மகள் மதிப்புரைகளைப் படித்துக் காட்டி, நூலை அவரிடம் விட்டு வெளியேறினார். அன்று தேநீர் வேளையில் தந்தையார் வந்து, சாலொற் ஒரு நூல் எழுதியிருக்கிறாளென்றும், அது எதிர்பார்த்ததை விட நன்றாயிருக்கிறதென்றும் மற்றைப் பெண்களுக்கு அறிவித்தார். எத்தனையோ ஆண்டுகள் அஞ்சிய தீர்ப்பு அவ்வளவே.

பிரான்வெலுக்குச் சொல்லும் வாய்ப்பு வரவேயில்லை. ஓவியத்திலும் கவிதையிலும் பெரும்பேர் பெறுவாரென்று வீட்டார் நம்பியிருந்த அவர், குடியாற் சீரழிந்து, 1848 செத்தெம்பரில் சகோதரியரின் நூல்களைப் பற்றி ஏதுமறியாமலே இறந்தார். அவர் தோல்வியை நினைவூட்ட மனமின்றியே அவருக்குச் சொல்லவில்லையென்று சாலொற் பின்னர் எழுதினார். இம்மறைவு அச்சத்தாலன்று, இரக்கத்தால் நிகழ்ந்தது. அதே டிசெம்பரில் எமிலியும், 1849 மே மாதத்தில் ஆனும் பிரிந்தனர். இரவு தோறும் மூவரும் மேசையைச் சுற்றி உலாவித் தாம் எழுதியவற்றை ஆராய்ந்த அவ்வறையில், அதன்பின் சாலொற் தனியே நடந்தார்.

1854 யூனில் அவர் தந்தையாரின் உதவிக் குருவானவராகிய ஆதர் பெல் நிக்கல்ஸ் என்பவரை மணந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஒரு மாலை, தாம் தொடங்கியிருந்த புதிய கதையைக் கணவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மீண்டும் பள்ளிக்கூடக் கதையோ என்று விமரிசகர் குறைகூறுவரென்றார் கணவர். தொடக்கத்தைத் தாம் மாற்றி மாற்றி எழுதுவது வழக்கமென்று சாலொற் அமைதியாக மறுமொழி கூறினார். அக்கதை முற்றுப்பெறவில்லை. 1855 மார்ச் 31 இல், தம் 38ஆம் வயதில், அவர் காலமானார்.

மகளின் வரலாற்றை எழுதித் தருமாறு கஸ்கெல் அம்மையாரை வேண்டிக்கொண்டவர் தந்தையாரே. அந்நூல் 1857 இல் வெளிவந்தது. தேநீர் வேளைச் செய்தியை உலகம் அறிந்தது அதன் வாயிலாகவே.