அஞ்சல் கணினிக்குப் பேச்சு வகுத்தவர்

மின்னஞ்சலை நாம் நாள்தோறும் அனுப்புகிறோம். அதற்கு விதி வகுத்த ஜான் போஸ்டலை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. போஸ்டல் என்ற பெயர் அஞ்சலை நினைவூட்டுவது தற்செயல்தான்!

இவர் 1943ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். நீண்ட தாடியும் செருப்புக் காலுமாக எளிமையாக உலவியவர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் அங்கே தொடங்கியபோது, அதன் ஓட்டத்தை அளந்து சோதிக்கும் குழுவில் மாணவராக இருந்தார். சோதித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் இவருடைய பிற்காலப் பணியிலும் தெரிவதாக நாம் கருதுகிறோம்.

1982 ஆகஸ்டில் எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிகளை வெளியிட்டார். இரு கணினிகள் கடிதத்தைக் கைமாற்றுவதை மனிதர் உரையாடலைப் போலவே, சாதாரண எழுத்துகளில் அமைத்தார். ஆகவே ஒரு கணினியின் இடத்தில் நாமே அமர்ந்து பேசிப் பார்க்கலாம். கட்டளைத் திரையில் டெல்நெட் என்று தட்டி, அஞ்சல் சர்வரின் பெயரையும் 25 என்ற வாயில் எண்ணையும் கொடுத்தால் 220 என்று விடை வரும். கதவு திறந்தது எனப் பொருள். ஹெலோ என்று நம் கணினியின் பெயரைச் சொன்னால் 250, அதாவது சரி. (கட்டளைகள் நான்கெழுத்தாக இருக்க வேண்டியதால் ஆங்கில ஹலோவில் ஓர் எழுத்து குறைந்தது!) பிறகு அனுப்புநர், பெறுநர் முகவரிகள். 550 வந்தால் அந்த முகவரி ஏற்கப்படவில்லை. 4இல் தொடங்கும் எண் வந்தால் பிறகு வரச் சொல்கிறது. எண்ணே வராவிட்டால் வழியில் அடைப்பு, அல்லது சர்வர் இயங்கவில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுச் சங்கரன்கோவிலில் காத்திருக்கும் மாணவிக்குக் கடிதம் வராதபோது, கோளாறு முகவரியிலா வழியிலா என்று பொறியாளர் துலக்குவது இவ்வெண்களைக் கொண்டே.

டெல்நெட்டின் விதிகளையும் 1983இல் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அம்மையாருடன் இவரே எழுதினார்.

இவர் கட்டிய வீட்டில் பூட்டு மட்டும் இல்லை. ஆராய்ச்சியாளர் சிலரே புழங்கிய காலம் அது. பின்னாளில் குப்பை அஞ்சல் பெருகவே, பல இணைய நிறுவனங்கள் 25ஆம் வாயிலை அடைத்தன. இன்று 587ஆம் வாயிலில், ஓபன் எஸ்.எஸ்.எல். போன்ற கருவியின் துணையோடு மறையாக்கம் செய்து சோதிக்கிறார்கள். உள்ளே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவர் வகுத்ததே.

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1998 அக்டோபர் 16 அன்று, தம் 55ஆம் வயதில் மறைந்தார். ஆர்.எஃப்.சி. என்னும் இணைய ஆவண வரிசையை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொகுத்தவர் இவர். நண்பர் விண்டன் செர்ஃப் எழுதிய இரங்கலுரை அதே வரிசையில் 2468ஆம் ஆவணமாக வெளியாயிற்று.