சபாநாயகர் எழுப்பிய ஸ்டேடியம்

மும்பையில் மெரின் லைன்ஸ் நிலையத்தைத் தாண்டிச் சர்ச்கேட்டை நெருங்கும் மின்சார ரயிலில் வலப்பக்கம் பார்த்தால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு பெரிய ஸ்டேடியம் தெரியும். வேலைக்குப் போகும் நம்மவர் பலர் நாள்தோறும் அதைக் கடந்து செல்கிறார்கள். வான்கடே என்பது ஊர்ப் பெயரன்று. ஒரு மனிதரின் பெயர்.

சேஷராவ் கிருஷ்ணராவ் வான்கடே 1914 செப்டம்பர் 24 அன்று பிறந்தார். நாக்பூர் வட்டாரத்து அரசியல்வாதி. மகாராஷ்டிரத்தின் நிதியமைச்சராக இருந்தவர். 1972 முதல் 1977 வரை சட்டசபை சபாநாயகராகவும் இருந்தார். கிரிக்கெட் ஆடிப் பெயரெடுத்தவரல்லர். ஆயினும் 1963 முதல் பம்பாய் கிரிக்கெட் சங்கத்தின் தலைவர் அவரே.

அக்காலத்தில் அச்சங்கத்தின் நிலை விசித்திரமானது. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் ரஞ்சிக் கோப்பையை வென்றது பம்பாய். ஆனால் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு ஸ்டேடியம் கிடையாது. டெஸ்ட் ஆட்டங்கள் நடந்த பிரபோர்ன் ஸ்டேடியம், 'கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியா' வசம் இருந்தது. ஒவ்வொரு டெஸ்டின்போதும் சங்கத்துக்கு எத்தனை இருக்கைகள் என்பதில் தகராறு. வாடகை வீட்டில் கல்யாணம் நடத்துகிறவர், விருந்தாளிகளை உட்கார வைக்க வீட்டுக்காரரிடம் நாற்காலி கேட்டு நிற்பது போன்ற நிலை! 1973-ல் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டுக்குப் பின் பிணக்கு முற்றியது.

வான்கடே துணிந்தார். அரசு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, பிரபோர்னிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே வேலையைத் தொடங்கச் செய்தார். அவருடைய பதவிச் செல்வாக்கு இதற்குத் துணை நின்றது என்பதை மறைப்பதற்கில்லை. கட்டடக் கலைஞர் சசி பிரபு திட்டம் வரைந்தார். சுமார் 13 மாதங்களில் ஸ்டேடியம் எழுந்தது. வான்கடே உயிரோடிருக்கும்போதே அவர் பெயரும் சூட்டப்பட்டது.

1975 ஜனவரி 23 அன்று மேற்கிந்தியத் தீவுகளுடன் அங்கு முதல் டெஸ்ட் தொடங்கியது. கிளைவ் லாயிட் 200 ரன் எடுத்ததும், அவரைப் பாராட்ட உள்ளே ஓடிய ரசிகரைப் போலீசார் தாக்கவே, கலவரம் மூண்டு ஆட்டம் தடைப்பட்டது. லாயிட் ஆட்டமிழக்காமல் 242 ரன் குவித்தார். இந்தியா 201 ரன்னில் தோற்றது. பட்டோடிக்கு அதுவே கடைசி டெஸ்ட்.

வான்கடே 1980 முதல் 1982 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தார். 1987 நவம்பர் 5 அன்று அதே ஸ்டேடியத்தில் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா இங்கிலாந்திடம் தோற்றது. மூன்று மாதங்கூட ஆகவில்லை, 1988 ஜனவரி 30 அன்று அவர் காலமானார். பழைய பிரபோர்னோ 36 ஆண்டுகள் டெஸ்ட் ஆட்டமின்றிக் கிடந்தது. வான்கடே ஸ்டேடியம் புதுப்பிக்கப்பட்ட 2009-ல்தான் அங்கு மீண்டும் ஒரு டெஸ்ட் நடந்தது. 2011 ஏப்ரல் 2 அன்று இந்தியா உலகக் கோப்பையை வென்றது புதுப்பித்த வான்கடேயில்தான்.

அன்று இருக்கை கேட்டு நின்ற சங்கத்திடம் இன்று மற்றவர்கள் இருக்கை கேட்டு நிற்கிறார்கள்.